தொப்பூர் கணவாய்க்கு வடக்கே: மாவட்ட ஆட்டக்காரரும் சென்னை லீக் ஏணியும்

தமிழ்நாட்டில் கிரிக்கெட்டையோ ஹாக்கியையோ பிழைப்பாகக் கொள்ள விரும்பிய இளைஞர் எவ்வளவு திறமையானவர் என்பதோடு, எந்த ஊரில் பிறந்தவர் என்பதும் அவரது எதிர்காலத்தைத் தீர்மானித்து வந்திருக்கிறது. மாநில அணிக்கான தேர்வு, அத்தேர்வுக்கு வழிவிடும் லீக் ஆட்டங்கள், ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கும் அலுவலகங்கள் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகச் சென்னையிலேயே குவிந்திருந்தமையால், தொப்பூர் கணவாய்க்கு வடக்கே உள்ள தருமபுரி போன்ற மேட்டுநில மாவட்டத்தவர் ஏணியின் முதல் படியில் கால் வைப்பதற்கே ஊரைவிட்டுப் புறப்பட வேண்டியிருந்தது.

இளம் ஆட்டக்காரரைக் கீழ்நிலையில் வைத்துப் பழக்கி மேல்நிலைக்கு எடுக்கும் முறை உலகின் வேறு பகுதிகளில் வேறுவிதமாக வளர்ந்தது. வட அமெரிக்காவின் பனித்தள ஹாக்கியில், தேசிய ஹாக்கி லீகின் 32 அணிகளும் 1936இல் தொடங்கிய அமெரிக்க ஹாக்கி லீகில் தத்தமக்கென ஓர் இணைப்பணியை வைத்திருக்கின்றன. ‘டிராஃப்ட்’ எனப்படும், அணிகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்துகொள்ளும் நிகழ்வில் ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் 224 பேர் வரை எடுக்கப்படுகின்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் மேல் லீகில் நிலைப்பதில்லை என்றாலும், மேல் அணியுடன் ஒப்பந்தம் பெற்று இணைப்பணியில் காத்திருக்கும் ஆட்டக்காரரின் ஊதியத்தை அந்த மேல் அணியே ஏற்கிறது. சென்னையில் அத்தகைய தாய் அணி எதுவும் இருந்ததில்லை. அந்த இடத்தை நிரப்பியது அலுவலக உத்தியோகம்.

இதன் தொடக்க காலச் சான்று எம். ஜே. கோபாலன். செங்கல்பட்டு வட்டாரச் சிற்றூர் ஒன்றில் 1909இல் பிறந்து, சென்னையில் சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரரின் கண்ணில் பட்ட அவருக்கு, பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைத்தது; அந்த வேலையே அவரை நகரத்தில் தங்கி ஆடச் செய்தது. 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். மாநில அணிகளுக்கிடையிலான முதல்தரப் போட்டியான ரஞ்சிக் கோப்பையே அன்றுமுதல் தேசிய அணிக்கு நுழைவாயிலாக இருந்து வருகிறது. ஹாக்கியிலும் இந்திய அணிக்காக ஆடிய கோபாலன், 1936இல் பெர்லின் ஒலிம்பிக் வாய்ப்பை விட்டுவிட்டு இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியைத் தேர்ந்தார். அப்பயணத்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் அவர் இறக்கப்படவில்லை; ஹாக்கி அணியோ தங்கப் பதக்கத்துடன் திரும்பியது. இரு ஆட்டங்களின் உச்சியையும் எட்டக்கூடியவராக இருந்தவருக்கே மேல்நிலை வாய்ப்பு இவ்வளவு நிலையற்றதாக இருந்தது என்பது கவனத்திற்குரியது.

1930களில் உருப்பெற்ற சென்னை லீக், பிற்காலத்தில் முதல் டிவிசன் தொடங்கிப் பல அடுக்குகளாக விரிந்தது. ஆண்டிறுதியில் புள்ளிப்பட்டியலின் மேலே நிற்கும் அணி அடுத்த டிவிசனுக்கு ஏறும், அடியில் நிற்பது இறங்கும். வங்கிகள், ரயில்வே, தொலைபேசித் துறை, தனியார் ஆலைகள் ஆகியவை அணிகளை நடத்தவோ தத்தெடுக்கவோ முன்வந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலை பெற்ற ஒருவர் பகலில் பயிற்சி செய்துகொண்டே குடும்பத்தையும் காப்பாற்ற முடிந்தது. இந்திய விளையாட்டு வரலாற்றில் இவ்வேலைவாய்ப்புக்கு உரிய மதிப்பு இன்னும் தரப்படவில்லை. ஆயினும் அதன் பயன் ஊர்ப்புறத்திற்குச் சீராகச் சென்று சேரவில்லை. தருமபுரிக்கு அண்மையில் உள்ள மேட்டூரில் ஆலை நடத்திய கெம்பிளாஸ்ட் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்த ஜாலி ரோவர்ஸ் அணி, லீகின் வலுவான அணிகளில் ஒன்றாக விளங்கியது. ஆனால் அது ஆடியதெல்லாம் சென்னையில்தான். ஆலையின் புகை காவிரிக்கரையில் எழுந்தது, ஆட்டம் கடற்கரையில் நடந்தது.

தருமபுரி 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அன்றுமுதல் மாவட்டத்தில் தொழில் நகரம் என்று சொல்லத்தக்க ஊர் இல்லாது போயிற்று, ஓசூர் அப்பக்கம் சென்றுவிட்டதால். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15,06,843 பேர் வாழ்ந்த இம்மாவட்டம் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி இடத்தில், 68.54 விழுக்காட்டில், நின்றது. போக்குவரத்தின் கதையும் இதையொட்டியதே. சென்னை இருப்புப்பாதையில் உள்ள மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் போடப்பட்டுப் பின்னர் ஓசூர் வரை நீண்ட குறுகிய ரயில்பாதை, இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் மூடப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதற்கு மாற்றான புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2019இல்தான். சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையில் லீக் ஆடுவதென்றால் அங்கேயே குடியேறியாக வேண்டும். மழையை நம்பிய நிலத்தைவிட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிவேலை தேடிப் போகும் வீடுகளில், வருமானம் உறுதியில்லாத ஆட்டத்திற்காக ஒரு மகனைச் சென்னைக்கு அனுப்புவது எளிய முடிவன்று.

ஆகவே இவ்வட்டாரத்தில் செழித்தது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். அறுவடை முடிந்த வயலிலும் ஏரிப் படுகையிலும், நுழைவுக் கட்டணம் கட்டிச் சேரும் ஊர் அணிகள் ரொக்கப் பரிசுக்கும் கோப்பைக்கும் மோதும் இப்போட்டிகள், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய மூன்று மாவட்டங்களின் ஞாயிற்றுக்கிழமைகளை நிரப்பின. சில ஓவர்களே கொண்ட ஆட்டத்தில் மட்டையாளர் ஒவ்வொரு பந்தையும் தூக்கியடிக்க முயல்வதால், அவரது காலடியில் நேரே விழும் ‘யார்க்கர்’ பந்தே வீச்சாளரின் முதன்மையான காப்பு. அதைத் தவறாமல் வீசும் திறன் இங்கே இயல்பாகவே கூர்மைப்பட்டது. ஆனால் ஏறத்தாழ 58 கிராம் எடையுள்ள டென்னிஸ் பந்தில் பழகிய கை, 156 முதல் 163 கிராம் வரை எடையும் தைத்த விளிம்பும் கொண்ட தோல்பந்துக்கு மாறும்போது தோளும் முழங்கையும் புதிய பழக்கத்தைக் கற்க வேண்டும். பந்து வீசுகையில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் அது எறிதலாகக் கருதப்படும் என்பது சர்வதேச விதி. ஊர்ப்போட்டியில் இதை அளப்பவர் எவருமில்லை.

இந்த இடைவெளியைக் கடந்தவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்த தங்கராசு நடராஜன். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தையே வீசிய அவர், சென்னை லீகின் நான்காம் டிவிசனில் பி.எஸ்.என்.எல். அணியில் நுழைந்து, விஜய் கிரிக்கெட் கிளப் வழியாக மேற்குறித்த ஜாலி ரோவர்ஸ் அணியை அடைந்தார். 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காளத்திற்கு எதிராக ரஞ்சி அறிமுகம் கிடைத்தது. அந்த ஆட்டத்திலேயே அவரது வீச்சுமுறை ஐயத்திற்குரியதென நடுவர்கள் அறிக்கை அளித்தனர். கையைத் திருத்திக்கொண்டு மீள அவருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. ஊதியம் தரும் தாய் அணி இல்லாத முறையில் அந்த ஓராண்டைத் தாங்குவது பெரும்பாலோருக்கு இயலாது. பலருடைய கதை இந்தக் கட்டத்திலேயே முடிந்திருக்கும்.

2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக், மாவட்டத்து வீரர்களையும் அணிகளில் சேர்க்கும் ஏற்பாட்டோடு வந்ததும், ஆட்டங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் நிலைமையைச் சற்று மாற்றின. திண்டுக்கல் அணிக்காக வீசிய யார்க்கர்களைப் பார்த்த பஞ்சாப் அணி, 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்த நடராஜனை 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஐதராபாத் அணி 40 லட்சத்திற்கு வாங்கி இரண்டு பருவங்கள் ஆடவிடாமல் அமர்த்தி வைத்தது. 2020இல் வாய்ப்பு வந்தபோது 16 விக்கெட்டுகள் எடுத்தார். வலைப்பயிற்சி வீச்சாளராக ஆஸ்திரேலியா சென்றவர், பிறருடைய காயங்களால் உண்டான வெற்றிடத்தில் 2020 டிசம்பர் 2 அன்று ஒருநாள் ஆட்டத்திலும், இரு நாள் கழித்து இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேன் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்று வடிவங்கள்! ஆனால் அந்த மார்ச் மாதத்தோடு இந்திய அணிக்கான அவரது கணக்கு ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபது ஓவர் ஆட்டங்கள் என்ற அளவில் நின்றது. உச்சியை எட்டுவதும் அங்கே நிலைப்பதும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

ஹாக்கியில் மாவட்ட இளைஞருக்கு வழி திறந்த விதம் மாறுபட்டது. தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி, தலைமுறைகளாக ஹாக்கி ஆடிவந்த ஊர். அங்கே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதியில் தங்கிப் பயின்ற அவ்வூர் மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினர். அதற்கு முன் பத்தாண்டுக்கும் மேலாக மாநிலத்தவர் எவரும் அந்த அணியில் இல்லை. தொழில்முறை லீக் முயற்சிகளோ விட்டுவிட்டே நடந்தன: 2005இல் இரு அடுக்குகளோடு தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக் 2008இல் நின்றது, 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீகில் சென்னைக்கு அணியே இல்லை, 2024 டிசம்பரில் அது மீண்டும் தொடங்கியபோதுதான் தமிழ்நாடு டிராகன்ஸ் இடம்பெற்றது. லீகைக் காட்டிலும் விடுதியே கார்த்தி செல்வம் போன்றோரை உருவாக்கியது என்பதே இதில் பெறப்படும் முடிவு. அரியலூர்ச் சிறுவன் கோவில்பட்டிக்குப் போய்த் தங்கிப் படிக்க முடிந்ததுபோல், தருமபுரிச் சிறுவனும் போக முடியும். உணவும் உறைவிடமும் பள்ளிப் படிப்பும் அரசின் பொறுப்பாகும்போது குடும்பத்தின் தயக்கம் குறைகிறது.

கிரிக்கெட்டிலும் தொலைவு சுருங்கத் தொடங்கியிருக்கிறது. சேலம் மாவட்டம் வாழப்பாடியில் 2020இல் திறக்கப்பட்ட மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களும், 2024 முதல் ரஞ்சி ஆட்டங்களும் நடந்துள்ளன. சென்னையோடு ஒப்பிட்டால் தருமபுரி மாவட்டத்து அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அது மிக அருகில் உள்ளது. எனினும் மாநில அணிக்குத் தேர்வாகும் வீரர்களில் பெரும்பாலோர் இன்றும் சென்னை லீகின் வழியாகவே வருகின்றனர். அந்த லீகின் முதல் டிவிசன் அணிகளுள் தருமபுரி மாவட்டத்தில் வேரூன்றிய அணி ஒன்றும் இல்லை.