தராசும் இரு நூல்களும்

இரு புலவரை எதிரெதிரே நிறுத்தி எவர் பெரியவர் என்று கேட்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. கி.மு. 405ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரத்தில் அரிஸ்டோபனீஸ் என்னும் நகைச்சுவை நாடகாசிரியர் 'தவளைகள்' என்றொரு நாடகத்தை அரங்கேற்றினார். அதிலே, இறந்துபோன கவிகளாகிய ஈஸ்கிலசும் யூரிப்பிடீசும் பாதாள உலகத்தில் வழக்காடுகின்றனர். நடுவராக வந்திருப்பது டயோனிசஸ் என்னும் தெய்வம். வாதம் முற்றியபின் ஒரு தராசு கொண்டுவரப்படுகிறது. இருவரும் தத்தம் பாட்டில் ஓரடியைத் தட்டிலே சொல்ல, ஆற்றைப் பாடிய ஈஸ்கிலசின் தட்டுத் தாழ்ந்துவிடுகிறது. ஈரம் ஏறியதே காரணமாம்!

தோட்டத்தில் பால் நிறுக்கும் நம்மவர்க்கு இந்த நகைப்பு எளிதில் விளங்கும். எடையை மட்டும் நம்பிக் கணக்கெழுதும் கிராணி, தண்ணீருக்கும் கூலி எழுதியவன் ஆவான். அந்த நாடகத்திலும் தராசு தீர்ப்புச் சொல்லவில்லை. போரில் நலிந்த நகரத்தைக் காக்கும் வழி யாது என்று இருவரையும் ஒரே கேள்வி கேட்ட பின்னரே தெய்வம் ஈஸ்கிலசை மண்ணுலகிற்கு அழைத்துச் செல்கிறது.

ஒப்புமைக் கட்டுரை எழுதுவோர் பலர் தராசைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரே கேள்வியை விட்டுவிடுகின்றனர். கம்பரைத் தமிழ்நாட்டு ஷேக்ஸ்பியர் என்று சொல்லிவிட்டால் கம்பர் ஒரு படி உயர்ந்துவிட்டதாக அவர்கட்கு எண்ணம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்றோரிடத்து இந்நோய் மிகுதி. நாமும் அவ்வழி வந்தோமாகையால் துணிந்து சொல்கிறோம். அவர் நாடகம் செய்தார், இவர் காப்பியம் செய்தார். இருவரையும் எந்தக் கேள்வியை ஒருங்கே கேட்பது?

அக்கேள்வியைக் கண்டவர் வ.வே.சு. ஐயர். 1881இல் வரகனேரியிற் பிறந்து, லண்டனிற் சட்டம் பயின்றவர். 1921இல் 'தேசபக்தன்' இதழில் வந்த ஒரு தலையங்கத்திற்காகச் சிறைப்பட்டு, பல்லாரிச் சிறையில் இருந்தபடியே கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். ஹோமர், மில்டன் முதலியோரையும் அதில் அழைத்து வந்தார் எனினும், வால்மீகியோடு கம்பரை வைத்துப் பார்க்கும் இடங்களே நமக்குப் பெரும்பயன் தருவன. கதை ஒன்று; செய்தவர் இருவர். ஐயர் 1925இல் பாபநாசம் அருவியில் மூழ்கி இறந்தார். நூலை டில்லித் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது 1950இல்தான்.

இடையே 1943இல், கம்பராமாயணத்தைக் கொளுத்தவேண்டும் என்று அறிஞர் அண்ணாதுரையும், கூடாது என்று ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மேடையேறிச் சொற்போர் புரிந்ததை அன்பர்கள் அறிவர். அது நூல் வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்கு. இரு நூல்களை ஒப்பிடுவது வேறு வேலை. எந்தக் கட்சியாரும் அதனைச் செய்துபார்க்கலாம்.

ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். சீதையை இராவணன் கவர்ந்து செல்கிறான். வால்மீகியில் அவன் ஒரு கையாற் கூந்தலையும் மற்றொரு கையால் தொடையையும் பற்றித் தூக்குகிறான். கம்பரில் அவன் அவளைத் தீண்டுவதில்லை. பர்ணசாலை நின்ற நிலத்தையே பெயர்த்தெடுத்துச் செல்கிறான். ஏன் இந்த மாற்றம்? ஆழ்வார்கள் பாடிய பின்னர் வந்தவர் கம்பர். தெய்வமாக வணங்கப்பட்டவள்மேல் அரக்கன் கை படுவதைக் கேட்போர் பொறுக்கமாட்டார். இவ்வளவில் நின்று, 'கம்பரே நாகரிகமுடையவர்' என்று முடிப்பவர் பலர். 'வால்மீகியே உண்மை சொன்னவர்' என்று முடிப்பவரும் உளர். இரண்டும் தராசுக்காரர் பேச்சே.

இன்னும் சில காண்டங்கள் கடந்து, போர் முடிந்து, சீதை இராமன்முன் நிற்கும் இடத்திற்கு இந்த மாற்றத்தையும் கொண்டுசென்று பார்க்கவேண்டும். வால்மீகியின் சீதை, அரக்கன் உடல் தன்மேற் பட்டது தன் வயத்ததன்று என்று சொல்லவேண்டியவளாகிறாள். கம்பரின் சீதைக்கு அந்த மறுமொழியே தேவையில்லை. அவளை அவன் தொடவேயில்லை என்பதை நூலைப் படித்த நாம் எல்லோரும் அறிவோம். அப்படியிருந்தும் இராமன் கடுஞ்சொல் சொல்கிறான். சீதையின் தூய்மையைக் காக்கச் செய்த மாற்றம் இங்கே இராமன்மேற் பழியாக ஏறுகிறது. வால்மீகியிற் சுட்டதைக் காட்டிலும் அச்சொற்கள் கம்பரில் அதிகமாகச் சுடுகின்றன. கம்பர் இதனை அறியாமற் செய்தார் என்று நாம் கருதவில்லை. கணவன் உணராதபோது தான் நோற்ற நோன்பெல்லாம் வீண் என்று, தீயில் இறங்குமுன் அவளே அவன் முகத்துக்கு நேரே கூறும்படி வைத்திருக்கிறார்.