தீவகமும் புகையிரதமும்

யாழ்ப்பாணத்தின் போக்குவரத்து வரலாற்றை ஆராய்வோர் 1905 ஆம் ஆண்டைப் பெருந் திருப்பமாகக் கொள்வர். 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய புகையிரதம், 1905 இல் வன்னிக் காடுகளை ஊடறுத்துத் தென்னிலங்கைப் பாதையுடன் இணைந்தது. குடாநாட்டின் நோக்கில் இக்கருத்துப் பொருத்தமானதே. ஆயின் ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ நின்று நோக்குவோர்க்கு அவ்வாண்டு வேறொரு பொருளைத் தருகின்றது.

பாய்க்கப்பல்கள் கோலோச்சிய காலத்தில் ஊர்காவற்றுறை வடபகுதியின் முதன்மைத் துறைகளுள் ஒன்றாக விளங்கிற்று. அதன் வாயிலைக் காத்து நின்ற கடற்கோட்டை இதற்குச் சான்றாகும். கடலே பெருவழியாயிருந்தவரை தீவகம் யாழ்ப்பாணத்தின் தலைவாசல். இருப்புப்பாதை வந்தபின் அதுவே புறக்கடையாயிற்று.

எனினும் தீவக மக்கள் புகையிரதத்தைப் புறக்கணித்தாரல்லர். தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்திருந்த வணிகரும், அரச ஊழியரும், மாணவரும் அதனையே நாடினர். 1956 இல் சேவையைத் தொடங்கிய யாழ்தேவி அவர்கள் வாழ்வுடனும் பிணைந்தது. ஆயினும் அவர்தம் பயணம் புகையிரத நிலையத்தில் தொடங்குவதன்று. நெடுந்தீவார் இன்றும் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பேருந்தில் புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி ஆகியவற்றைக் கடந்தே யாழ்ப்பாணம் சேர்கின்றனர். திரும்பும் வேளையில் கடைசிப் படகு புறப்பட்டுவிடின், நானூறு கிலோமீற்றர் கடந்து வந்தவர் வீட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கரையில் இரவைக் கழிக்க நேரும்.

இதனைத் தலைமன்னாருடன் ஒப்பிடல் தகும். 1914 இல் அங்கு புகையிரதம் இறங்குதுறை வரை சென்றது. கப்பல் தனுஷ்கோடியை அடைந்ததும் மறுகரையில் இன்னொரு வண்டி காத்து நின்றது. கொழும்பிலிருந்து சென்னைவரை ஒரே பயணச்சீட்டுப் போதுமானதாயிருந்தது. 1964 ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை கடல் அப்பயணத்திற்குத் தடையாகவில்லை. அரசுக்கும் வணிகத்திற்கும் வேண்டியபோது படகையும் வண்டியையும் இணைக்க முடிந்தது என்பதே இதிலிருந்து பெறப்படும் உண்மை.

1990 இல் போரினால் நின்றுபோன யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்ரோபரிலேயே மீண்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறை புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்தது. போரின் பின் ஏ-9 வீதி திறந்ததும், பயணிகளை வீட்டருகே ஏற்றிச் செல்லும் இரவுப் பேருந்துகள் அத்தலைமுறையின் வழக்கமாயின. ஆகவே தண்டவாளத்தைப் புதுப்பித்தமை மட்டும் இழந்த பயணிகளை மீட்டுத் தந்துவிடாது.

மக்கள் செறிந்து வாழும் குடாநாட்டில் புகையிரதம் தனக்குரிய பங்கைப் பெறவேண்டுமாயின், வண்டியின் வேகத்தைவிட அதன் இரு முனைகளிலும் உள்ள இணைப்பே முதலிற் கவனிக்கத்தக்கது. வண்டி வரும் நேரத்திற்குப் பேருந்தும், பேருந்தின் நேரத்திற்குப் படகும் அமைதல் வேண்டும். இதற்குப் புதிய பாலமோ புதிய பாதையோ வேண்டியதில்லை. மூன்று நேர அட்டவணைகளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் மனம் போதும். தீவகத்தின் கடைக்கோடிப் பயணிக்கு எளிதாகும் வழி, குடாநாட்டார் அனைவருக்கும் எளிதாகும்.