வாய் வழியே: ஹைதராபாத்தும் வலி நீக்கத்தின் வரலாறும்

வலி நீக்கத்தின் வரலாற்றில் ஹைதராபாத்துக்கு ஓர் இடம் உண்டு என்பதை மருத்துவ வரலாறு பயில்வோர் அறிவர். ரெசிடென்சி மருத்துவர் எட்வர்ட் லாரியின் முயற்சியால் 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்கள் இங்கே கூடின. நிதி நிஜாமுடையது. மயக்க மருந்தால் இறப்பவருக்கு முதலில் நிற்பது மூச்சா இதயமா என்பதே வினா. மூச்சுதான் என்றார் லாரி. இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்து பங்கேற்ற இரண்டாம் ஆணையமும் அதை ஏற்றது. இதயமும் திடீரென நிற்கக்கூடும் என்பதை 1911இல் லெவி நிறுவினார். முடிவு எதுவாயினும், அங்கே ஆராயப்பட்டது அறுவை மேசையின் வலி. சில மணிநேரத்தில் முடிவது. மாதக்கணக்கில் வாய்க்குள்ளேயே தங்கிவிடும் வலிக்கு இதே நகரத்தில் முறையான மருத்துவம் தொடங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

நோய் புதிதன்று. திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி பென்டால் 1908இல் எழுதினார். நெய்யூர் மிஷன் மருத்துவமனை அனுபவத்திலிருந்து வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றைப் பற்றி ஆர் 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். அவர் கட்டுரையின் தலைப்பு நோய்க்காரணம், நோய்க்கூறு, சிகிச்சை என மூன்றைக் குறிப்பிடுகிறது. வலி அத்தலைப்பில் இல்லை. இதை அவர் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அக்கால மருத்துவம் கேட்ட வினாக்கள் அவை.

சிகிச்சையும் வலியைத் தரும். இன்று மெஹதி நவாஸ் ஜங் பெயர் தாங்கும் ஹைதராபாத் புற்றுநோய் நிறுவனம் 1955இல் தோன்றியது. தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சுப் பெறுபவருக்கு இரண்டு, மூன்று வாரங்களில் வாயின் உட்சவ்வு சிவந்து புண்ணாகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிதைவதால் நா வறள்கிறது. வறண்ட வாயில் பூஞ்சை படர்கிறது, பல் சொத்தையாகிறது. தாடை இறுகி வாய் திறக்க இயலாமற்போவதும் உண்டு. உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் கொப்பளித்தல், மென்மையான பல்துலக்கி, உணவுக்கு முன் லிக்னோகெய்ன் களிம்பு, பூஞ்சைக்கு மருந்து, கதிர்வீச்சுக்கு முன்பே பழுதுற்ற பற்களை அகற்றுதல் ஆகியவை எளியவை, மலிவானவை. 5-ஃப்ளூரோயுராசில் ஊசி செலுத்தும் அரைமணி நேரம் பனிக்கட்டியை வாயில் வைத்திருந்தாலே புண் குறைகிறது. அழுகிய புண்ணின் நாற்றத்தைத் தணிக்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவர். வீட்டார் நோயாளியின் அருகில் மீண்டும் அமர்வதற்கு அது வழி செய்கிறது.

கடும் வலிக்கு இவை போதா. உலக நல நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டி மூன்று நெறிகளை முன்வைத்தது: வாய் வழியே, கடிகாரப்படி, படிப்படியாக. ஊசியின்றி வீட்டிலேயே மார்ஃபின் தரலாம் என்பதே முதல் நெறியின் புரட்சி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில்தான் இந்தியாவில் போதைப்பொருள் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. மாநிலந்தோறும் வெவ்வேறு விதிகள், ஒரே மருந்துக்குப் பல உரிமங்கள், சிறைத்தண்டனை பற்றிய அச்சம். மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினைக் கைவிட்டன. உலகுக்கே மருத்துவ அபினியை விளைவித்துத் தரும் நாட்டில் மார்ஃபின் பயன்பாடு 1985க்கும் 1997க்கும் இடையே சுமார் 97 விழுக்காடு சரிந்து 18 கிலோவாயிற்று. 1993இல் கோழிக்கோட்டில் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய இயக்கம் மாற்று வழியைக் காட்டியது. ஹைதராபாத் நிறுவனத்தில் காயத்ரி பாலாட் போன்றோரின் உழைப்பால் வலி நீக்கப் பிரிவு உருவானது அதற்கும் பின்னரே. சட்டத் திருத்தம் 2014இல்தான் வந்தது.

இங்கே ஒரு முரணைச் சுட்ட வேண்டும். வாய் வழியே என்ற நெறி, வாயே புண்ணானவருக்கு எப்படிப் பொருந்தும்? மாத்திரையை விழுங்க இயலாதவருக்குக் கரைசலாக மூக்குக்குழாய் வழியே தர வேண்டியிருக்கிறது. தோலில் ஒட்டும் ஃபென்டனில் வில்லையின் விலையோ ஏழைக்கு எட்டாது. வலியைத் தணிக்கும் அதே மார்ஃபின் வாயை மேலும் வறளச் செய்யும். ஒன்றைத் தீர்க்க ஒன்று பிறக்கிறது. இதைப் பாடநூல்கள் பக்கவிளைவு என ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

மொழியியல் மாணவனாக இன்னொன்று. 1975இல் மெல்சாக் உருவாக்கிய மெகில் வினாநிரல் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக்கி வலியைப் பகுக்கிறது. நம்மிடம் அவ்வளவு செழிப்பு இல்லையா? எரிச்சல், காந்தல், குத்தல், குடைச்சல், கடுகடுப்பு, விண்விண் எனத் தமிழ் அடுக்குகிறது. தெலுங்கு ‘மண்ட்ட’ என்று எரிவையும் ‘போட்டு’ என்று தெறிப்பையும் பிரிக்கிறது. உருதுக்கு ‘ஜலன்’, ‘டீஸ்’ உண்டு. தெலுங்கின் ‘நொப்பி’யும் நம் ‘நோவு’ம் ஒரே வேரின. ஆனால் நாவின் பெரும்பகுதியை அறுவையில் இழந்தவருக்கு இச்சொற்களில் எதுவும் தெளிவாக எழாது. எரிச்சல் என்பதில் ர், ச், ல் மூன்றும் நாவால் பிறப்பவை. இதழால் பிறக்கும் ப, ம ஆகியவையே ஓரளவு தப்பும். ‘அம்மா’ என்று சொல்ல முடியும், ‘எரிகிறது’ என்று சொல்ல முடியாது. பூஜ்யம் முதல் பத்து வரை விரல் காட்டச் சொல்லும் அளவுகோல் வலி எவ்வளவு என்பதைச் சொல்லும். எரிகிறதா குத்துகிறதா என்பதைச் சொல்லாது. நரம்பு வலிக்கும் புண் வலிக்கும் மருந்து வேறு என்பதால் அந்த வேறுபாடு முக்கியம். ஆகவே செவிலியர் சொற்களை ஒவ்வொன்றாகத் தாமே உரக்கச் சொல்லி, நோயாளி தலையசைப்பதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.