பிளாண்டா முதல் பென்சிமா வரை: டிராஃப்டில் கவிழ்ந்த கதைகள்

1962ன்னு சொன்னா புதுச்சேரிக்காரங்களுக்கு ஆகஸ்ட் 16தான் ஞாபகம் வரும். 1954லயே நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தாச்சு, 1956ல ஒப்பந்தமும் எழுதியாச்சு. ஆனா சட்டப்படி கைமாறினது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். அதிலிருந்து ஆறு மாசத்துக்குள்ள, பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்கிறவங்க எழுதிக் கொடுக்கணும். கொடுக்காதவங்க இந்தியர். ஒரு தடவைதான் வாய்ப்பு. ஒரே குடும்பத்துல அண்ணன் பிரான்ஸ், தம்பி இந்தியான்னு பிரிஞ்சு போனதெல்லாம் அந்த ஆறு மாசக் கூத்துலதான்.

இங்க ஜனங்க அந்த யோசனையில இருந்த அதே வருஷக் கடைசியில, அமெரிக்காவுல நியூயார்க் ஹோட்டல் ஒண்ணுல மூணு பேர் உட்கார்ந்து வேற மாதிரி ஒரு 'தேர்வு' விளையாட்டுக்கு விதி எழுதிக்கிட்டு இருந்தாங்க. பில் விங்கன்பாக், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில சின்னப் பங்குதாரர். கூட அணியோட மக்கள் தொடர்பு ஆள் பில் டனல், பத்திரிகைக்காரர் ஸ்காட்டி ஸ்டிர்லிங். ரெய்டர்ஸ் அந்த சீசன்ல 14 ஆட்டத்துல 13 தோத்துச்சு. சொந்த டீமைப் பாத்து அழறதுக்குப் பதிலா, ஊர்ல இருக்கிற நல்ல ஆட்டக்காரங்களை எல்லாம் பொறுக்கி ஆளுக்கொரு டீம் வச்சுக்கிட்டா என்னன்னு யோசிச்சிருக்காங்க. ஃபேன்டசி ஃபுட்பால் பொறந்த கதை இதுதான். (அமெரிக்கக்காரன் ஃபுட்பால்னா கையில தூக்கிக்கிட்டு ஓடுறது. நம்ம கால்பந்துக்கு அப்புறம் வர்றேன்.)

முதல் டிராஃப்ட் 1963 ஆகஸ்ட்ல விங்கன்பாக் வீட்டுல நடந்துச்சு. எட்டு டீம். விளையாட்டு வரலாற்றிலேயே முதல் முதலா எடுக்கப்பட்ட ஆள் யார் தெரியுமா? ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியோட ஜார்ஜ் பிளாண்டா. ரெண்டாவதா போனவர் ஜிம் பிரவுன். அந்த விளையாட்டு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஜிம் பிரவுன்னா அந்தக் காலத்து பிராட்மேன். அந்த வருஷமே 14 ஆட்டத்துல 1,863 கஜம் ஓடி சாதனை பண்ணினார். பிளாண்டா? 24 ஸ்கோர் பாஸ், எதிராளி கையில தூக்கிக் கொடுத்த பந்து 25.

ஏன் அப்படி எடுத்தாங்க? பிளாண்டா 1961ல 36 ஸ்கோர் பாஸ் போட்டு அதகளம் பண்ணியிருந்தார். அந்த ஞாபகம். ஆனா நடுவுல 1962ல எதிராளிக்கு 42 தடவை பந்தைத் தூக்கிக் கொடுத்திருக்கார், இன்னைக்கு வரைக்கும் யாரும் தொடாத 'சாதனை'. அது கண்ணுல படலை. இன்னொண்ணு, இது என் ஊகம்தான்: ரெய்டர்ஸும் பிளாண்டாவும் ஆடினது ஏ.எஃப்.எல். லீக். ஜிம் பிரவுன் எதிர்க்கடை என்.எஃப்.எல். ஆள். 'நம்ம லீக் பையன்'ங்கிற பாசம் கொஞ்சம் வேலை செஞ்சிருக்கும். பழைய பெருமை ஒண்ணு, சொந்தப் பாசம் ஒண்ணு. அறுபது வருஷமா டிராஃப்ட்ல கவிழறவங்கள்ல பாதிப் பேர் இந்த ரெண்டு பள்ளத்துலதான் விழறாங்க. முதல் டிராஃப்டோட முதல் சீட்டுலயே ரெண்டும் ஒண்ணா அமைஞ்சது பெரிய விசேஷம்.

அடுத்து 1980. டேனியல் ஓக்ரென்ட்னு ஒரு எழுத்தாளர், பேஸ்பாலுக்கு இதே மாதிரி ஒரு லீக் ஆரம்பிச்சார். நண்பர்கள் கூடிப் பேசின இடம் மன்ஹாட்டன்ல 'லா ரொத்திஸெரி பிரான்சேஸ்'ங்கிற உணவகம். அதனால அந்த ஆட்டத்துக்கே 'ரொட்டிஸரி'ன்னு பேர் வந்துச்சு. கோழி சுடுற பிரெஞ்சு வார்த்தையை வச்சு அமெரிக்காக்காரன் பேஸ்பால் ஆடறான், புதுச்சேரிக்காரன் சிரிக்க உரிமை இருக்கு :-) ஓக்ரென்ட் கொண்டுவந்த பெரிய மாத்தம் ஏலம். வரிசைப்படி எடுக்காம, ஆளுக்கு இவ்வளவு பணம்னு வச்சுக்கிட்டு கூவி எடுக்கிறது. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்ச மனுஷன் தன்னோட லீக்ல ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லைங்கிறது கொசுறுத் தகவல்.

ஏலத்துல என்ன தப்பு நடக்கும்னு கரையில மீன் ஏலம் பார்த்தவங்களுக்குத் தெரியும். கூடை மேல ஆசைப்பட்டு ஒருத்தன் ஏத்திக்கிட்டே போவான், மத்தவன் சும்மா விட்டுடுவான். ஜெயிச்சவன்தான் எல்லாரையும்விட அதிகமா தப்பா கணக்குப் போட்டவன். 1971ல ஒரு எண்ணெய்க் கம்பெனியோட மூணு பொறியாளர்கள் இதையே ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதினாங்க. மெக்சிகோ வளைகுடாவுல எண்ணெய் எடுக்க ஏலம் எடுத்த கம்பெனிகளுக்கு ஏன் லாபமே தங்கலைங்கிறது கேள்வி. 'வென்றவன் சாபம்'னு பேர் வந்தது அங்கிருந்துதான். 2013ல மாஸி, தேலர்னு ரெண்டு பேர் அமெரிக்க ஃபுட்பால் அணிகளோட நிஜ டிராஃப்டையே எடுத்து அலசினாங்க. ஒரே இடத்துல ஆடற ரெண்டு பேர்ல முன்னாடி எடுக்கப்பட்டவன், அடுத்து எடுக்கப்பட்டவனைவிட நல்லா ஆடினது நூத்துக்கு 52 தடவைதான். கோடிக்கணக்குல சம்பளம் வாங்குற நிபுணர்கள் காசைச் சுண்டிப் போட்டதைவிட கொஞ்சூண்டு பரவாயில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஏன் நாம முதல் சீட்டுக்காக சண்டை போடறோம்?

நம்ம கால்பந்துக்கு இது வந்த வழி இத்தாலி. ரிக்கார்டோ அல்பீனி 1980களின் கடைசியில மிலான் நகரத்துல 'ஃபான்டகால்சியோ' ஆரம்பிச்சார், 1990ல புத்தகமா வந்துச்சு. 25 ஆள், ஏலம், பத்திரிகை போடற மார்க். இங்கிலாந்துல 1991ல ஆண்ட்ரூ வெய்ன்ஸ்டீன். பிரீமியர் லீக் தானே நடத்தற ஆட்டம் 2002-03ல வந்துச்சு, 10 கோடி பவுண்டு கற்பனைப் பணம், 15 ஆள், ஒரே கிளப்புல மூணு பேருக்கு மேல கூடாது. அதுல ஒரே ஆளை எத்தனை பேர் வேணும்னாலும் வச்சுக்கலாம். ஒருத்தன் எடுத்தா மத்தவனுக்குக் கிடையாதுங்கிற நிஜ டிராஃப்டை 2017லதான் சேர்த்தாங்க. பிரான்ஸ்ல 2011ல வந்த 'மோன் பெதி கஸோன்'ல மூடின உறை டெண்டர் மாதிரி ரகசிய ஏலம். அடுத்தவன் எவ்வளவு எழுதியிருக்கான்னு தெரியாம நாமளே நம்மை எதிர்த்து விலை ஏத்திக்கிற கொடுமை அதுல தனி.

இனி நம்ம ஊர் விஷயம். லைசே படிச்சவங்க, சொல்தா பென்ஷன் வாங்குற குடும்பம், பாரீஸ்ல சித்தப்பா இருக்கிறவங்கன்னு இந்த ஊர்ல பிரான்ஸ் அணின்னா அது வெளிநாட்டு அணி கிடையாது. உலகக் கோப்பைக்கு டிராஃப்ட் போட உட்கார்ந்தா முதல் சுத்துலயே நீலச் சட்டைதான் காலியாகும். அதனால பிரான்ஸை வச்சே எல்லாத் தப்பையும் சொல்லிடலாம்.

2002. உலக சாம்பியன், யூரோ சாம்பியன். இங்கிலீஷ் லீக்ல அதிக கோல் அடிச்ச ஆன்றி (24), இத்தாலி லீக்ல முதலிடத்தைப் பகிர்ந்த த்ரெஸெகே (24), பிரெஞ்சு லீக்ல முதலிடத்தைப் பகிர்ந்த சிஸே (22), மூணு பேரும் ஒரே அணியில. கணக்குப் போடத் தெரிஞ்ச எவனும் இவங்களை விடுவானா? போட்டிக்கு அஞ்சு நாள் முன்னாடி தென்கொரியாவோட ஆடின பயிற்சி ஆட்டத்துல ஜிதானுக்குத் தொடைச் சதை பிடிச்சுக்கிச்சு. மே 31, சியோல், செனகல்கிட்ட 0-1. உருகுவேயோட 0-0, ஆன்றிக்கு சிவப்பு அட்டை. டென்மார்க்கிட்ட 0-2. மூணு ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை, பெட்டி கட்டியாச்சு. மூணு பெரிய துப்பாக்கி, ஆனா குண்டு எடுத்துக் கொடுக்க ஜிதான் இல்லை. கோல் அடிக்கிறவனைப் பார்த்து எடுக்கிறோம், பந்து கொடுக்கிறவன் நல்லா இருக்கானான்னு பார்க்கிறதில்லை.

2018 இதுக்குத் தலைகீழ். பிரான்ஸ் கோப்பையே வாங்கிடுச்சு. ஆனா ஜிரூ? ஏழு ஆட்டத்துலயும் இறங்கின மெயின் ஸ்டிரைக்கர், கோல் பூஜ்யம், கோலை நோக்கிப் போன ஷாட்கூட பூஜ்யம். பவார், வரான், உம்திதின்னு டிஃபன்ஸ் ஆளுங்க மூணு பேர் நாக் அவுட்ல கோல் போட்டாங்க. ஜிரூ சும்மா இல்லை, எதிராளியை இழுத்துப் பிடிச்சு கிரீஸ்மானுக்கும் எம்பாப்பேக்கும் வழி விட்டார். நிஜ அணிக்கு அவர் தங்கம், கற்பனை அணிக்கு தகரம். இந்த வித்தியாசம் புரியாதவன் நல்ல ரசிகனா இருக்கலாம், நல்ல டிராஃப்ட் ஆள் ஆக மாட்டான்.

2022ல எங்க கும்பல்ல ஒரு அண்ணன், தீபாவளி லீவுல எல்லாரும் கூடியிருக்கும்போதே முடிச்சுடலாம்னு அவசரப்படுத்தி ஒரு மாசம் முன்னாடியே டிராஃப்ட் போட வச்சார். முதல் சீட்டு அவருக்கு. பென்சிமா. அக்டோபர் 17ஆம் தேதிதான் பலோன் தோர் வாங்கியிருந்தார், யாரும் குறை சொல்ல முடியாது. நவம்பர் 19, போட்டி ஆரம்பிக்க ஒரு நாள் முன்னாடி தொடையில அடிபட்டு பென்சிமா விலகல். நாலு வருஷம் முன்னாடி பூஜ்யம் போட்டவராச்சேன்னு எல்லாரும் ஒதுக்கின ஜிரூ கடைசி சுத்துல ஒரு பையன் கைக்குப் போயிருந்தார். முதல் ஆட்டத்துலயே ஆஸ்திரேலியா மேல ரெண்டு, மொத்தம் நாலு கோல், ஆன்றியோட 51 கோல் சாதனையையும் தாண்டினார். அண்ணன் அந்த ஒரு மாசம் யாரோடயும் பேசலை. விதி எளிசு: ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட டிராஃப்ட் போடுங்க.

கையில மாத்து ஆள் இல்லாம ஒத்த ஆள் மேல எல்லாத்தையும் வைக்கிற பழக்கம் இந்த ஊருக்குப் புதுசில்ல. துய்ப்ளேக்ஸ் 1749ல ரெண்டு பேரை எடுத்தார்: கர்நாடகத்துக்கு சந்தா சாகிப், ஹைதராபாத்துக்கு முசாபர் ஜங். ஆம்பூர் சண்டையில ஜெயிச்சதும் ஏக கொண்டாட்டம். முசாபர் ஜங் 1750 டிசம்பர்ல நிஜாம் ஆனார், 1751 பிப்ரவரியில செத்தார். கூடப் போயிருந்த புஸ்ஸி அந்த இடத்துலயே சலாபத் ஜங்கைத் தூக்கி நிறுத்தினதால ஹைதராபாத் தப்பிச்சது. சந்தா சாகிப்புக்கு மாத்து ஆள் இல்லை. 1752ல திருச்சியில அவர் தலை போச்சு, 1754ல துய்ப்ளேக்ஸை ஊருக்குத் திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. புஸ்ஸி பேர்ல ஊர்ல வீதி இருக்கிறது நியாயம்தான்னு எனக்குத் தோணும் :-)

பிரீமியர் லீக்ல தினசரி விளையாடறவங்களுக்கு ரெண்டு சமாச்சாரம். 2015-16 ஆரம்பத்துல ஹஸார்ட் விலை 11.5, முந்தின சீசனோட சிறந்த ஆட்டக்காரர். மஹ்ரேஸ் விலை 5.5, 14ஆவது இடத்துல முடிச்ச லெஸ்டர்ல ஆடற ஆள். சீசன் முடிவுல ஹஸார்டுக்கு லீக்ல நாலே கோல், அதுவும் முதல் கோல் ஏப்ரல்ல. மஹ்ரேஸ் 240 புள்ளி, எல்லாருக்கும் மேல. பிளாண்டா கதையேதான், 52 வருஷம் கழிச்சு. ரெண்டாவது, பேப்பர்ல என்ன இடம் போட்டிருக்கான்னு பாருங்க. மிட்ஃபீல்டர் கோலுக்கு 5 புள்ளி, ஸ்டிரைக்கர் கோலுக்கு 4. சாலா 2017-18ல 32 கோலுக்கு 303 புள்ளி எடுத்தார், ஹாலண்ட் 2022-23ல 36 கோல் அடிச்சும் 272தான். சாலா ஆடறது முன்வரிசையில, பட்டியல்ல மிட்ஃபீல்டர். ஆட்டத்தைப் பார்க்கிற அளவுக்கு விதிப் புத்தகத்தையும் பார்க்கணும். அப்படியே காலண்டரையும். 2024 ஜனவரியில ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போன சாலா அங்க கானா ஆட்டத்துல அடிபட்டார். அந்தப் போட்டி வர்ற வருஷம் ஆப்பிரிக்க ஆட்டக்காரங்க சீசன் நடுவுல சில வாரம் இருக்க மாட்டாங்கன்னு ஆகஸ்ட்லயே தெரியும்தானே.

இவ்வளவும் சொன்னாலும் அடுத்த உலகக் கோப்பைக்கு எங்க ஊர்ல முதல் சுத்துல யாரும் பிரேசில்காரனை எடுக்கப் போறதில்லை. பாட்டன் 1962ல எந்தப் பக்கம் எழுதிக் கொடுத்தாரோ அந்தச் சட்டைக்கு எதிரா கோல் விழணும்னு ஞாயித்துக்கிழமை ராத்திரி வேண்டிக்கிறது சிலருக்கு முடியாத காரியம். அவங்களுக்கு என் யோசனை ஒண்ணே ஒண்ணு: ஆசைக்கு ரெண்டு ஆள், கணக்குக்கு மீதி. எம்பாப்பேவை எடுத்தா ரெண்டும் சேர்ந்து வரும், 2022ல எட்டு கோல்.

டிஸ்கி: காசு வச்சு ஆடறவங்களுக்கு இந்தப் பதிவு கிடையாது. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் பண ஆன்லைன் விளையாட்டைத் தடை பண்ணி சட்டம் போட்டுடுச்சு, 2008ல ஆரம்பிச்ச ட்ரீம்11கூட பணப் போட்டிகளை நிறுத்திடுச்சு. எங்க கும்பல்ல தோத்தவர் பீச் ரோட்டுல எல்லாருக்கும் சுண்டல் வாங்கித் தரணும், அவ்வளவுதான். 2022 பாக்கி இன்னும் வசூலாகலை.