சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

சில வருஷம் அமெரிக்காவில் படித்தபோது ஒவ்வொரு செமஸ்டருக்கும் வரும் ஃபீஸ் ரசீதில் 'அத்லெடிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். நானோ மைதானத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். நான் எதுக்குடா காசு கட்டணும்னு ரூம்மேட்டைக் கேட்டேன். "நம்ம டீம் இந்த வருஷம் பௌல் கேம் போகுதுல்ல!" என்றான் பெருமையாக. போனால் பணம் வரணுமே, நம்மகிட்ட ஏன் வாங்கறாங்க? அன்று ஒட்டிக்கொண்ட சந்தேகம் இது. அதைத் தோண்டிப் பார்த்ததில் கிடைத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம ஊர் ஃபுட்பால் இல்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம்) சீசன் முடிந்ததும் டிசம்பர், ஜனவரியில் இரண்டு அணிகளைக் கூப்பிட்டு மூன்றாவதாக ஒரு ஊரில் ஆட விடுவார்கள். அதுதான் பௌல் கேம். கிண்ணம் மாதிரி இருக்கிற ஸ்டேடியத்தால் வந்த பேர்.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். கலிஃபோர்னியாவில் பாசடினா என்று ஒரு ஊர். குளிர்காலத்திலும் எங்க ஊர்ல ரோஜா பூக்கும் பாருங்கன்னு பெருமை அடித்துக்கொள்ள, புது வருஷத்தன்று ஒரு பூ ஊர்வலம் நடத்துவார்கள். அந்த ஊர்வலச் செலவுக்குக் காசு திரட்ட 1902 ஜனவரி 1-ஆம் தேதி ஒரு ஃபுட்பால் ஆட்டம் வைத்தார்கள். மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. ஆட்டம் முடியுமுன்பே ஸ்டான்ஃபோர்டு போதும்டா சாமின்னு நிறுத்திக்கொண்டது. அடுத்த பல வருஷம் ஃபுட்பாலையே விட்டுவிட்டு ரதப் பந்தயம் எல்லாம் நடத்திப் பார்த்தார்கள். 1916-ல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது. அதுதான் ரோஸ் பௌல்.

1930-களில் பெரும் பொருளாதார மந்தம். மயாமிக்கு சுற்றுலாப் பயணிகள் வேண்டும். 1935-ல் ஆரஞ்சு பௌல் பிறந்தது. அதே வருஷம் நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல். 1937-ல் டல்லஸில் காட்டன் பௌல். கவனித்தீர்களா? இதில் எதையும் கல்லூரிகள் ஆரம்பிக்கவில்லை. ஹோட்டல் ரூம் நிரம்பணும், ஊர் பேர் பேப்பரில் வரணும் என்று ஊர்ப் பெரிய மனுஷர்கள் ஆரம்பித்தது. கல்லூரி அணி அங்கே மாப்பிள்ளை மாதிரி தெரியும். உண்மையில் கச்சேரிக்கு வந்த வித்வான். அதுவும் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி உள்ளே போகிற வித்வான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2011 ஜனவரி 1. கனெக்டிகட் பல்கலைக்கழகம் அரிசோனாவில் ஃபியஸ்டா பௌல் ஆடப் போனது. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. ஒப்பந்தப்படி 17,500 டிக்கெட்டுகளைக் கல்லூரி எடுத்துக்கொள்ள வேண்டும். விற்றால் உன் சாமர்த்தியம், விற்காவிட்டால் உன் தலையெழுத்து. அவ்வளவு தூரம் யார் போவார்கள்? போகிறவர்களுக்கும் வெளியில் இதைவிட மலிவாக டிக்கெட் கிடைத்தது. விற்காத டிக்கெட்டுகளால் மட்டும் சுமார் 29 லட்சம் டாலர் போச்சு. அவர்களுடைய கான்ஃபரன்ஸ், அதாவது கல்லூரிகளின் கூட்டமைப்பு, செலவுக்கென்று சுமார் 25 லட்சம் கொடுத்தது. ஃபிளைட், ஹோட்டல், பேண்டு கோஷ்டி எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 18 லட்சம் டாலர் துண்டு விழுந்தது. ஆட்டமும் 48-20 என்று ஓக்லஹோமாவிடம் தோல்வி. கோச் ராண்டி எட்சல் அணியோடு ஊர் திரும்பக்கூட இல்லை, அங்கிருந்தே மேரிலாந்து வேலைக்குப் போய்விட்டார்.

அதே 2011 மார்ச்சில் ஃபியஸ்டா பௌலின் தலைமை நிர்வாகி ஜான் ஜங்கரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஊழியர்களை அரசியல் நன்கொடை கொடுக்கச் சொல்லிவிட்டு அந்தப் பணத்தைக் கமிட்டியே திருப்பிக் கொடுத்தது, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு 33,000 டாலர் செலவழித்தது எல்லாம் விசாரணையில் வெளியே வந்தது. இத்தனைக்கும் அது வருமான வரி விலக்கு பெற்ற தர்ம ஸ்தாபனம்!

சரி, அப்போ எல்லாக் கல்லூரிக்கும் நஷ்டமான்னு கேட்டா, அப்படிச் சொல்ல முடியாது. பௌல் பணம் நேராகக் கல்லூரிக்குப் போகாது. கான்ஃபரன்ஸுக்குப் போய், அங்கே பங்கு பிரிக்கப்படும். பெரிய கான்ஃபரன்ஸ் என்றால் ஆடாமல் வீட்டில் இருந்தவனுக்கும் பங்கு உண்டு. மொத்தமாகக் கூட்டினால் வரவு செலவைவிட அதிகம்தான். ஆனால் சின்ன பௌலுக்குப் போகிற சின்னக் கல்லூரிக்கு சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்த முக்கால் பணத்தில் கொஞ்சம் என் ரசீதில் வந்த அந்த வரி.

காசுக் கணக்கை எழுதிக்கொண்டே வந்தபோது ஒரு பழைய கதை கண்ணில் பட்டது. இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

1951. சான் ஃப்ரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் வெற்றி. கல்லூரியோ ஃபுட்பாலுக்குச் செலவழித்தே கடனில் தத்தளிக்கிறது. ஒரு பௌல் அழைப்பு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அணியில் ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்று இரண்டு கறுப்பு வீரர்கள். அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு வந்தால் தெற்கத்தி பௌலில் இடம் உண்டு என்று சேதி வந்ததாக வீரர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக்கார வீரர்கள் யோசிக்கக்கூட இல்லை, முடியாது என்றார்கள். அழைப்பு வரவில்லை. சீசன் முடிந்ததும் கல்லூரி ஃபுட்பாலையே மூடிவிட்டது. மேட்சன் பிற்பாடு தொழில்முறை ஃபுட்பாலின் பெரிய நட்சத்திரம் ஆனார். டோலர் 1965-ல் என்.எஃப்.எல்-லின் முதல் கறுப்பு நடுவர்.

இன்னொரு பக்கம் நோட்ர டேம். 1925 ரோஸ் பௌலுக்கு அப்புறம் 45 வருஷம் பௌல் பக்கமே போகவில்லை. 1970-ல் காட்டன் பௌலுக்குத் திரும்பியபோது, சிறுபான்மை மாணவர்களின் உதவித்தொகைக்குப் பணம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அதே நோட்ர டேம் 2025 டிசம்பரில், பிளேஆஃபில் இடம் கிடைக்காத கோபத்தில், எந்த பௌலும் வேண்டாம் என்று மறுத்தது. பணம் இருப்பவன் கோபித்துக்கொள்ளலாம்.

2024-லிருந்து பன்னிரண்டு அணி பிளேஆஃப் வந்துவிட்டது. அதில் ஆடும் அணிக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் செலவுக்கென்று 30 லட்சம் டாலர் தருகிறார்கள், முதல் சுற்று ஒரு அணியின் சொந்த ஊரிலேயே நடக்கிறது. மற்ற பௌல்களில் ஒரு டஜனுக்கு மேல் ஈ.எஸ்.பி.என் டிவிக்கே சொந்தம். ஸ்டேடியம் காலியாக இருந்தாலும் அவர்களுக்கு விளம்பரம் ஓடும்.

லாபமா நஷ்டமா என்று கேட்டால், யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். ஊருக்கு லாபம், கமிட்டிக்கு லாபம், டிவிக்கு லாபம், போனஸ் வாங்குகிற கோச்சுக்கு லாபம். கல்லூரிக்கு? ரசீதைப் பாருங்கள். 1951 பசங்க போகாமலே இருந்து கல்லூரிக்குச் சேர்த்துவைத்த பேர் மட்டும் எந்த ரசீதிலும் வராது. அந்தக் கல்லூரி இன்னிக்கும் பெருமையாச் சொல்லிக்கிறது, ஆடாத அந்த ஆட்டத்தைத்தான்.