புதுச்சேரியில இருந்து இமயமலை ட்ரெக்கிங் போறீங்களா? தலைவலியை மறைக்காதீங்க!

கடற்கரைச் சாலையில் தினமும் 5 கி.மீ. நடப்பவர்கூட இமயமலையில் சுருண்டு படுத்துவிடலாம். காரணம், உடல் பலவீனம் அல்ல, உயரம்.

மூச்சு வாங்குவது ஏன்?

புதுச்சேரி கடலை ஒட்டிய ஊர். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறையும். 18,000 அடியில் சுமார் பாதிதான். 8,000 அடியைத் தாண்டினாலே பாதிப்பு தொடங்கலாம். உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரம் சுமார் 12,500 அடி. விமானத்தில் போய் இறங்கும் லே நகரமே சுமார் 11,500 அடி.

அறிகுறிகள் என்ன?

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை. உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறல் இருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நடை தள்ளாடி, பேச்சு குழறினால் மூளை வீங்கியிருக்கலாம். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

குழுவாகப் போவதில் என்ன சிக்கல்?

'நம்மால எல்லாரும் திரும்பணுமா' என்று தயங்கி, தலைவலியைச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. அப்படியே மேலே ஏறும்போதுதான் நிலைமை மோசமாகிறது.

என்ன செய்யணும்?

* லேயில் இறங்கினால் முதல் 2 நாள் ஓய்வு.
* 10,000 அடிக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 1,600 அடிக்கு மேல் கூட்டக் கூடாது. 3, 4 நாளுக்கு ஒருமுறை ஓய்வு கட்டாயம்.
* அசெட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது.
* அறிகுறி தெரிந்தால் மேலே ஏறக் கூடாது. முற்றினால் இரவானாலும் உடனே கீழே இறக்கணும். தனியாக அனுப்பக் கூடாது.

ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு யார் இறங்குவது? ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே குழு முடிவு செய்துவிட வேண்டும்.