ஒரு காபி விலையில் ஒரு மாலைப்பொழுது

வேலை நிமித்தமாக 2013 முதல் மூன்றாண்டுகள் ஜப்பானின் யோகஹாமா நகரில் குடியிருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் நம் செட்டு நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஏண்டா, அங்கே பூனையைத் தடவிக் கொடுக்கக் காசு வாங்குறானாமே, நெசமா?" நெசந்தான். பணிப்பெண் வேடமிட்டவர்கள் காபி பரிமாறும் கடைகூட 2001 முதல் தோக்கியோவின் அகிஹாபரா பகுதியில் உண்டு. "எல்லாம் பணம் கொழுத்த கூத்து" என்று சிரிப்பார்கள். ஆனால் இக்கடைகளின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஓர் இல்லாமையில் பிறந்தவையாகவே தெரிகின்றன.

முதல் காபிக் கடையை 1888-இல் தோக்கியோவின் உவேனோவில் திறந்தவர் தெய் எய்கெய். அமெரிக்காவில் படித்தவர். காபியோடு பத்திரிகை, புத்தகம், பில்லியர்ட்ஸ் மேசை என்று எல்லாம் வைத்தார். பாவம், ஐந்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் காபியைச் சாக்காக வைத்து வேறொன்றைக் கொடுப்பது என்ற யோசனை மட்டும் நிலைத்துவிட்டது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தவை இசைத்தட்டுக் கடைகள். அந்நாளில் அயல்நாட்டு இசைத்தட்டும் நல்ல கிராமபோனும் மாணவர்களுக்கு எட்டாக்கனி. கடைக்காரர் வாங்கி வைப்பார். ஒரு காபி சொல்லிவிட்டு மணிக்கணக்கில் கேட்கலாம். ஷிபுயாவில் 1926-இல் தொடங்கிய 'லயன்' மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கானது. பஸ்ஸில் இருப்பதுபோல நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம், ஆளுயரத்தை மிஞ்சிய ஒலிபெருக்கிகளைப் பார்த்தபடி இருக்கும். வாய் திறந்து பேசக்கூடாது! 1945 குண்டுவீச்சில் எரிந்த கட்டடத்தை 1950-இல் மறுபடி எழுப்பினார்கள்.

எங்கள் யோகஹாமாவில் 'சிகுசா' என்ற ஜாஸ் கடை 1933-இல் நோகே பகுதியில் பிறந்தது. ஜாஸ் எதிரி நாட்டுச் சங்கீதம் என்று 1943-இல் அரசே தடை போட்டது. 1945 மே மாதக் குண்டுவீச்சில் கடையும் தட்டுகளும் சாம்பலாயின. மனுஷன் அசரவில்லை, யுத்தம் முடிந்ததும் மறுபடி தட்டுச் சேர்த்துக் கடை திறந்தார். அங்கே வந்து உட்கார்ந்து, தட்டில் கேட்டதைக் காகிதத்தில் ஸ்வரம் ஸ்வரமாகக் குறித்துக்கொண்ட இளைஞர்களில் ஒருவர்தான் தோஷிகோ அகியோஷி. அவர் 1956-இல் பாஸ்டனின் பெர்க்லி இசைப்பள்ளிக்குப் படிக்கப் போனார். பின்னாளில் ஜாஸ் உலகமே அறிந்த பியானோ கலைஞர் ஆனார். அன்று அவருக்கு அந்தக் கடைதான் கல்லூரி, லைப்ரரி எல்லாம். 2007-இல் மூடிய சிகுசாவை ரசிகர்கள் கைகொடுத்து 2012-இல் மீண்டும் திறந்தார்கள். நான் போய் உட்கார்ந்தது அந்தச் சிறிய கடையில்தான்.

1950-களில் 'உதாகோயே' கடைகள் வந்தன. முன்பின் தெரியாதவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிச் சேர்ந்து பாடுவார்கள். வேலை தேடிப் பட்டணம் வந்த இளைஞர்களின் தனிமைக்கு அது மருந்து. தொழிற்சங்கக்காரர்களும் நிறைய. ரஷ்ய நாட்டுப்பாடல்கள் அமர்க்களப்பட்டனவாம். கோபே நகரத்து தாய்சுகே இனோவே 1971-இல் கரோகே இயந்திரம் செய்தார். கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கென்னவோ, ஊரே சேர்ந்து பாடியதற்கு அது ஈடாகாது என்றே படுகிறது.

பூனைக் கடை ஜப்பானியச் சரக்கே அல்ல. 1998-இல் தைவானின் தைபெயில் தொடங்கி, 2004-இல் ஒசாகாவுக்கு வந்தது. அங்கே அது வேரூன்றியதற்குக் காரணம் எளிது: வாடகைக் குடியிருப்புகளில் பெரும்பாலும் பிராணி வளர்க்க அனுமதி கிடையாது. என் வாடகைப் பத்திரத்திலும் அந்த ஷரத்து இருந்தது. சாயங்காலம் அலுவலகப் பையோடு வந்து, மடியில் ஒரு பூனையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் கல்லூரியிலிருந்து மேற்படிப்புக்கு அங்கே போகும் தம்பி தங்கைகள் ஒருநாள் லயனுக்குப் போய்வாருங்கள். ஒரு காபி போதும். படம் மட்டும் எடுக்காதீர்கள், விடமாட்டார்கள்.